அடுப்பில் கொதித்த மால்ட் கூழ்

டிகாக்‌ஷன் என்றால் நம்மவர்களுக்குக் காப்பிதான் நினைவுக்கு வரும். பீர் வடிப்பதில் அது வேறொரு பழைய முறை. ஊறும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கூழில் ஒரு பகுதியை எடுத்துக் கொதிக்கவைத்து மீண்டும் சேர்த்தால், மொத்தக் கூழின் வெப்பமும் உயரும். வெப்பமானி இல்லாத காலத்திலும் அளவு தவறாமலிருக்க இது உதவியது. 1842இல் இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் பிறந்த பொன்னிற பீரும் இம்முறையில் உருவானதே.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில், ஜூலைக் குளிரில் முதன்முறையாக முயன்றேன். ஐந்து கிலோ மால்ட்டைப் பதினைந்து லிட்டர் நீரில் 64 பாகை செல்சியஸில் ஊறவைத்து, அடியில் தங்கிய கெட்டியான பகுதியில் ஆறு லிட்டரை அகப்பையால் அள்ளினேன். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பெரும்பாலும் தெளிந்த நீரில்தான் இருக்கின்றன. கொதித்தால் அவை அழிந்துவிடும் என்பதால் கெட்டியையே எடுக்க வேண்டும்.

அள்ளியதை 72 பாகையில் கால்மணி நேரம் நிறுத்திய பின் இருபது நிமிடம் கொதிக்கவிட்டேன். பாயசம் கிண்டுவதைப்போல அடிபிடிக்காமல் இடைவிடாது கிளற, வைக்கோல் நிறக் கூழ் மெல்லத் தேன் நிறமாகி, சுட்ட ரொட்டியின் மேலோட்டு மணம் சமையலறையை நிறைத்தது. அந்த மணத்துக்காகவே இவ்வளவு பாடும் தகும் என்பேன். திரும்பச் சேர்த்தபோது வெப்பம் 69 பாகையில் நின்றுவிட்டதால், கொதிநீர் ஊற்றி 72க்குக் கொண்டுவந்தேன். அடுத்த முறை ஏழு லிட்டர் எடுப்பேன்.