113 கிலோமீட்டரும் ஒரு படிவம் 1ஏ-வும்

நீச்சல் 1.9 கிலோமீட்டர், சைக்கிள் 90, ஓட்டம் 21.1. மூன்றையும் அடுத்தடுத்து எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டி. 43 வயதில் 8 மணி 1 நிமிடத்தில் முடித்தேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முதல் எரிச்சல் மருத்துவச் சான்றிதழ். போட்டி நடத்துகிறவர்கள் கேட்டது ஒரே ஒரு தாள். இன்னார் நீந்தவும் சைக்கிள் ஓட்டவும் ஓடவும் உடல்தகுதி உள்ளவர் என்று ஒரு டாக்டர் எழுதி, பதிவெண்ணோடு கையெழுத்துப் போட வேண்டும். 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாப்பது வயசுக்கு மேலதானேங்க?" என்றார். ஆமாம் என்றேன். காசு வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினார். சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படித்தேன், வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடித்தேன். ஓடப்போகிறவனுக்குக் கண்ணை ஏன் இவ்வளவு சோதிக்கிறார்கள் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தால் படிவம் 1ஏ. டிரைவிங் லைசென்ஸுக்குக் கொடுக்கிற சான்றிதழ்!

மறுநாள் திரும்பப் போய் நின்றேன். "சைக்கிளும் வண்டிதானுங்களே" என்றார் அதே மனிதர். சிரித்தால் கோபம் போய்விடும் என்பதால் சிரிக்கவில்லை. டாக்டர் அன்று விடுமுறை. மூன்றாம் முறை ஈசிஜி எடுத்து, சரியான வாசகத்தோடு தாளும் கிடைத்தது. ஆனால் முத்திரையில் பதிவெண் மை பரவி அழிந்திருந்தது. நான்காம் முறை அதையும் கையால் எழுதி வாங்கினேன். போகிறவர்கள் வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து எடுத்துப் போங்கள். கவுன்டரை விட்டு நகருமுன் பதிவெண்ணைப் படித்துப் பாருங்கள். யாரும் கேட்காவிட்டாலும் ஈசிஜி எடுத்துவிடுங்கள், அது நமக்காக. போட்டிக்கு முந்தைய நாள் பதிவு மேசையில் அந்தத் தாளில் அவர்கள் தேடியது பதிவெண்ணைத்தான். எனக்கு முன்னால் நின்றவரை அது இல்லையென்று ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள்.

பயிற்சியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஓமலூர் பக்கம் எங்கள் பாட்டி ஊர்க் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவன் நான். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டே நீந்துகிற பழக்கம் போக ஏழு மாதம் ஆனது. 25 மீட்டர் நீச்சல் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்றால் 76 முறை. எண்ணிக்கை தப்பும், குறைத்து எண்ணி நம்மை நாமே ஏமாற்றத் தோன்றும்.

சைக்கிளுக்கு ஏற்காடு. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். விடிந்த பிறகு போனால் சுற்றுலா வண்டிகளின் புகையைத்தான் குடிக்க வேண்டும். வாழைப்பழத்தைச் சட்டையின் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள். ஒரு வளைவில் தண்ணீர் குடிக்க நின்றபோது குரங்கு ஒன்று என் முதுகிலேயே ஏறி எடுத்துக்கொண்டு போனது.

மலை ஏறிப் பழகியதில் ஒரு திமிர் வந்துவிட்டது. ஏற்காடு ஏறுகிறவனுக்குப் போட்டி நடக்கிற கடலோரச் சமதளச் சாலை எம்மாத்திரம்? இந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. மலையில் ஏறும்போது எழுந்து நின்று மிதிப்போம், இறங்கும்போது கால் சும்மா இருக்கும். சமதளத்தில் அந்த ஓய்வு கிடையாது. மூன்றரை மணி நேரம் ஒரே நிலையில் குனிந்தபடி, ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் மிதிக்க வேண்டும், அதுவும் பக்கவாட்டில் அடிக்கிற கடல் காற்றில். 40 கிலோமீட்டரில் கழுத்து போனது. 50-இல் உள்ளங்கை மரத்தது. உட்காருமிடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். சேலத்துக்காரர்கள் மலையோடு நிறுத்தாமல், மாதத்துக்கு இரண்டு முறையாவது நீளமான சமதளச் சாலையில் கால் நிற்காமல் ஓட்டிப் பாருங்கள்.

62-ஆவது கிலோமீட்டரில் பின்சக்கரம் பஞ்சர். பதறவில்லை, மாற்று ட்யூப் இருந்தது, வீட்டு மொட்டைமாடியில் ஆறு நிமிடத்தில் மாற்றிப் பழகியிருந்தேன். ஆனால் போட்டிக்கென்று நண்பரிடம் இரவல் வாங்கியது 50 மில்லிமீட்டர் ஆழ ரிம் கொண்ட சக்கரம். என் பையில் இருந்ததோ சாதாரண 48 மில்லிமீட்டர் வால்வு ட்யூப். மாட்டினால் வால்வின் முனை ரிம்முக்குள்ளேயே ஒளிந்துகொண்டது. காற்றடிக்க எதைப் பிடிப்பது? நீள வால்வு ட்யூப் கேட்டு இங்கே மூன்று கடை ஏறியிருந்தேன். "அதெல்லாம் கோயமுத்தூர்ல கேட்டுப் பாருங்க" என்றார்கள். சரி, பஞ்சர் ஆகாது என்று விட்டுவிட்டேன். வெளியாள் உதவி வாங்கினால் தகுதி நீக்கம். போட்டியாளர் ஒருவர் இன்னொருவருக்கு ட்யூப் கொடுக்கலாம். ஆனால் யார் நிற்பார்கள்?

பத்துப் பதினைந்து பேர் தாண்டிப் போனார்கள். பிறகு ஒரு பையன் நிறுத்தினான், ஈரோட்டுக்காரன். "அண்ணா, என்னாச்சுங்க?" சொன்னேன். தன் இருக்கைக்கு அடியில் இருந்த பையைத் திறந்து 80 மில்லிமீட்டர் வால்வு ட்யூபை நீட்டினான். "உனக்குப் பஞ்சர் ஆனா என்னப்பா பண்ணுவே?" என்றேன். "ஆகாதுங்ணா" என்று போய்விட்டான். அதே நம்பிக்கைதான், ஆனால் அவன் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு நம்பியவன். மொத்தம் 24 நிமிடம் போனது.

நீச்சலைச் சொல்ல மறந்துவிட்டேன். 58 நிமிடம், கெடு 70. கடலுக்கு அடியில் குளத்தில் இருப்பதுபோல் கோடு கிடையாது. எட்டுப் பத்து வீச்சுக்கு ஒருமுறை கண்ணைத் தூக்கி மிதவையைப் பார்க்காவிட்டால் கோணலாகப் போவோம். நான் 1.9-க்குப் பதில் 2.1 நீந்தியதாக வாட்ச் சொன்னது. கரையேறிய வேகத்தில் ஹெல்மெட் வார் பூட்டாமல் சைக்கிளைத் தொட்டுவிட்டேன். தன்னார்வலர் போட்ட சத்தத்தில் நடுங்கிவிட்டது. முதலில் ஹெல்மெட், வார், பிறகுதான் சைக்கிள்.

ஓட்டம் தொடங்கும்போது மணி பன்னிரண்டை நெருங்கியது. சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும், இரண்டு மூன்று கிலோமீட்டரில் சரியாகும், அதற்குள் பயந்துவிடாதீர்கள். எனக்குச் சரியாகாதது வயிறு. போட்டியின் நடுவே சக்திக்காக உறிஞ்சுகிற ஜெல்லின் விலையைப் பார்த்துவிட்டுச் சிக்கனமாகக் கடலை மிட்டாய் எடுத்துப் போயிருந்தேன். மூச்சு வாங்கும்போது வறண்ட வாயில் அது இறங்கவே இல்லை. இறங்கியதும் கடலை எண்ணெயோடு கனமாக உட்கார்ந்துகொண்டது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கெல்லாம் எழுதி வைத்திருந்தேன், பாதிகூட உள்ளே போகவில்லை. 12-ஆவது கிலோமீட்டரிலிருந்து நடையும் ஓட்டமுமாக, தொப்பிக்குள் ஐஸ் போட்டுக்கொண்டு நகர்ந்தேன். போட்டி நாளில் சாப்பிடப் போவதைப் பயிற்சியிலேயே, அதே வெயிலில் சாப்பிட்டுப் பாருங்கள்.

கெடுவுக்கு 29 நிமிடம் மிச்சம். அந்த ட்யூப் கிடைக்காமல் இருந்திருந்தால் 62-ஆவது கிலோமீட்டரிலேயே போட்டியை விட்டு வேனில் ஏறியிருப்பேன்.

ஊருக்கு வந்ததும் கோயமுத்தூரிலிருந்து நீள வால்வு ட்யூப் மூன்று வரவழைத்தேன். ஒன்று என் பையில், இரண்டு ஈரோட்டுக்குப் பார்சலில். ஒன்றுக்கு இரண்டு ஏன் என்று பையன் போன் செய்து கேட்டான். இரண்டாவது அடுத்த முறை சாலையோரம் நிற்கப்போகிற யாருக்கோ என்றேன். "அது நீங்களா இருந்தா என்ன பண்றதுங்ணா?" என்கிறான்.