எள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர்

என் கணவரின் குடும்பம் அயோவாவின் வடகிழக்கு மூலையில், வின்னஷீக் கவுண்டியில் நான்கு தலைமுறையாக விவசாயம் பார்த்தது. முதலில் அங்கே வந்து இறங்கிய எள்ளுத்தாத்தா நார்வேக்காரர் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பதவியில் இருந்தவர் இல்லை, போருக்குப் போனவர் இல்லை. கோதுமை விதைத்தார், மாடு வளர்த்தார், அவ்வளவுதான். எண்பது வயது மாமனார் ஒருநாள், "எந்த ஊரிலிருந்து வந்தார் என்றாவது தெரிந்தால் போதும்" என்றார். அவருக்காக நான் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் பிடித்தது.

அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கை 72 வருடம் கழித்துப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். இப்போதைக்கு 1950 வரை பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இதைப் பார்க்கக் காசே இல்லை. மாமனாரில் தொடங்கிப் பின்னோக்கிப் போனேன். 1890 கணக்கு மட்டும் கிடைக்காது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பகுதி பாழாகிவிட்டது. அயோவாக்காரர்களுக்கு அந்த இடைவெளியை அடைக்க மாநிலமே தனியாக எடுத்த 1885, 1895 கணக்குகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: தேடலில் வரும் பெயர்ப் பட்டியலோடு நிற்காதீர்கள், மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். கணவர் வீட்டின் குடும்பப் பெயரை ஐந்து விதமாகப் படித்து ஏற்றியிருந்தார்கள்.

1900 கணக்கின் பக்கத்தில் எனக்குக் கை ஓடவில்லை. அந்த வருடம் ஒவ்வொரு தாயிடமும் எத்தனை குழந்தை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எள்ளுப்பாட்டிக்கு நேரே 9, 5 என்று இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்தது ஐந்து பேரை மட்டும்தான்.

மற்ற நால்வரும் உள்ளூர் லுத்தரன் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் இருந்தார்கள். பதிவேடு முழுக்க நார்வே மொழி, பழைய கோதிக் கையெழுத்து. எழுத்துக்களைப் பழகவே ஒரு மாதம் ஆனது. ஓர் ஆண் குழந்தை 1871-இல், பிறந்த சில வாரங்களில் இறந்திருக்கிறது. மற்ற மூன்றும் 1879 டிசம்பருக்கும் அடுத்த பிப்ரவரிக்கும் நடுவில். 1880 கணக்கோடு, அந்த ஜூன் முதல் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் இறந்தவர்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று எடுத்தார்கள். அதில் இந்த மூன்று பெயருக்கும் எதிரே ஒரே காரணம்: டிப்தீரியா, நம் ஊரில் தொண்டை அடைப்பான் என்பார்களே, அது. அன்று அதற்குமேல் எதையும் திறக்க மனம் வரவில்லை.

அப்புறம் இன்னொன்று கண்ணில் பட்டது. 1871-இல் இறந்த பையனுக்கும், 1880-இல் இறந்த ஆறு வயதுப் பையனுக்கும் ஒரே பெயர். 1881-இல் பிறந்த அடுத்த மகனுக்கும் அதே பெயர். அவர்தான் கணவரின் கொள்ளுத்தாத்தா. பாதிரியார் தவறாக எழுதிவிட்டார் என்றே முதலில் நினைத்தேன். விசாரித்தபோதுதான் நார்வே வழக்கம் தெரிந்தது: மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். அந்தக் குழந்தை தவறிப்போனால் அடுத்து வருகிறவனுக்கு அதே பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தான் என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன!

ஊரைத் தேடியதில்தான் நான்கு மாதம் வீணானது. நியூயார்க் துறைமுகப் பட்டியல்களையே துழாவிக்கொண்டிருந்தேன். 1850களிலும் 60களிலும் நார்வேக்காரர்களில் பெரும்பாலோர் கனடாவின் கியூபெக்கில் இறங்கித்தான் உள்ளே வந்தார்கள். நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைப் பதிவுசெய்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-இல். குடியுரிமைப் பத்திரமும் கைகொடுக்கவில்லை. நார்வே, சுவீடன் மன்னரிடம் வைத்த விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று ஒரு வரி இருந்தது, ஊர்ப் பெயர் இல்லை.

வழி விட்டது 1925 அயோவா கணக்கு. அதில் ஒவ்வொருவரிடமும் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர்வரை கேட்டிருக்கிறார்கள். அப்போது எள்ளுத்தாத்தாவுக்கு 82 வயது. அவர் சொன்ன அப்பா பெயர், அந்த மூன்று பையன்களின் பெயரேதான்.

அக்கால நார்வே கிராமத்தில் குடும்பப் பெயர் கிடையாது. ஓலேயின் மகன் ஓல்சன், அவன் குடியிருக்கும் பண்ணையின் பெயர் பின்னால் முகவரி போல ஒட்டிக்கொள்ளும். என் இனிஷியலில் இருப்பதும் அப்பா பெயர்தான், அதனால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. அமெரிக்கக் குடும்பப் பெயரால் இத்தனை நாள் தேடியதை விட்டுவிட்டு, அப்பா பெயரால் தேடினேன். பாதிரியாரின் பதிவேட்டில் வால்ட்ரெஸ் என்று வட்டாரமும் குறித்திருந்தது. நார்வே அரசின் டிஜிட்டல் ஆவணக்காப்பகம் முழுக்க இலவசம். 1865 டிசம்பர் கணக்கில் அதே பெயரில் மூன்று பேர் வந்தார்கள். வயதை ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிட்டதும் ஒருவர் மிஞ்சினார்.

அந்தக் கணக்கில் கால்நடைகூட உண்டு. அவருடைய அப்பா ஒரு ஹுஸ்மன். அதாவது பண்ணைக்காரரின் நிலத்தில் ஒரு துண்டையும் குடிசையையும் வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக உழைத்துக் கொடுக்கும் குடியானவர். 2 மாடு, 6 ஆடு, கொஞ்சம் பார்லியும் உருளைக்கிழங்கும். ஊரைவிட்டுப் போனவர்கள் பட்டியலில் 1866 வசந்தத்தில் மகன் பெயர், எதிரே அமெரிக்கா. சொந்தமில்லாத அந்தப் பண்ணையின் பெயரைத்தான் எங்கள் குடும்பம் 150 வருடத்துக்கு மேல் சுமந்து வருகிறது.

மாமனாரிடம் வரைபடத்தில் காட்டினேன். பண்ணை இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அதை நார்வேக்காரர்கள் எப்படி உச்சரிப்பார்கள் என்று கேட்டார். நாங்கள் இதுவரை சொல்லிவந்த மாதிரி இல்லை. இரண்டு மூன்று முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

எள்ளுப்பாட்டியின் வழி இன்னும் திறக்கவில்லை. விஸ்கான்சின் மேடிசனில் நார்வே வம்சாவளிக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. ஜூனில் போகிறோம். மாமனாரும் வருகிறார்.