நவம்பர், வெனிஸ்

நவம்பர் 8

மருத்துவமனையில் இவருக்குக் காய்ச்சல். காலை 38.4 டிகிரி. மாலை 37.9. இனி இரண்டையும் எழுதி வைக்கப்போகிறேன்.

நவம்பர் 9

பார்வையாளர் நேரம் மாலையில்தான். அதுவரை அறையிலேயே அடைந்து கிடக்காதே என்று தன் நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். எங்கே என்ன சாப்பிட வேண்டும், எந்தத் தேவாலயத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று மாதக்கணக்கில் எழுதிச் சேர்த்தது. "நீ சாப்பிட்டுட்டு வந்து சொல்லு, போதும்" என்றார்.

ரியால்டோ மீன் சந்தைக்குப் போனேன். கால்வாயை ஒட்டிய பழைய வளைவுகளுக்குக் கீழே ஐஸ் மேல் கணவாய், இறால், விலாங்கு. சுவரில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது. எந்த மீன் எத்தனை நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மத்திக்கு 7 செ.மீ. குஞ்சு மீனைப் பிடித்துத் தீர்த்துவிடக் கூடாது என்ற அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்துக் கடையில் நின்றுகொண்டே சார்தே இன் சாவோர். பொரித்த மத்தி மேல் வினிகரில் வதக்கிய வெங்காயம், உலர்திராட்சை, பைன் விதை. கடலோடிகளுக்காகக் கெடாமல் இருக்கச் செய்த பண்டமாம். செய்த அன்றைக்கே சாப்பிடக் கூடாது, ஊற வேண்டும். மறுநாள் மீன்குழம்பு மாதிரிதான். இவரிடம் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். புளிப்பு தூக்கலா, இனிப்பு தூக்கலா? புளிப்புதான். அப்புறம் வெங்காயம் எவ்வளவு வதங்கியிருந்தது என்று வேறு கேட்டார்.

மாலை 38.1.

நவம்பர் 10

38.6. எதுவும் சாப்பிடவில்லை.

நவம்பர் 11

சான் மார்த்தினோ நாள். தெருவெல்லாம் குழந்தைகள். தலையில் காகிதக் கிரீடம், கையில் பாத்திரமும் கரண்டியும். தட்டிக்கொண்டே கடை கடையாக ஏறி மிட்டாய் வாங்குகிறார்கள். குதிரையில் உட்கார்ந்த வீரன் வடிவத்தில் பெரிய பிஸ்கட், மேலே சர்க்கரைப் பூச்சும் மிட்டாயும். வாங்கினேன். வார்டுக்குள் எடுத்துப் போகலாமா என்று தெரியாமல் பையிலேயே வைத்திருந்தேன். குதிரையின் கால் உடைந்துவிட்டது. அதற்கு ஏன் அப்படி அழுகை வந்தது என்று தெரியவில்லை.

நவம்பர் 12

தீபாவளி. உச்சியில் ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் வைத்துக் குளித்தேன். மகள் போனில் "அப்பா பேசுவாரா" என்றாள். தூங்குகிறார் என்றேன், அது உண்மைதான்.

வீட்டுக்காரம்மா கீழ்த்தளச் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். 2019இல் இதே நவம்பர் 12 இரவு தண்ணீர் ஏறிய உயரம். கடல்மட்ட அளவுகோலில் அன்று 187 செ.மீ. அதற்கு மேல் ஏறியது 1966இல் மட்டும்தான், 194. ராத்திரி எல்லாரும் மாடிப்படியில் உட்கார்ந்து, தண்ணீர் எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். ஏறுகிற தண்ணீர் சுமார் ஆறு மணி நேரத்தில் திரும்பும், அது அவர்களுக்குத் தெரியும்.

38.3.

நவம்பர் 14

இந்த மருத்துவமனையின் வாசலைப் பார்க்கவென்றே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 15ஆம் நூற்றாண்டுப் பளிங்கு முகப்பு. பளிங்கில் செதுக்கிய சிங்கங்கள் ஒரு மண்டபத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் தெரியும், கிட்டே போனால் சில அங்குல ஆழம்தான். அவர்கள் படம் எடுக்கிறார்கள், நான் துணிப்பையோடு நடுவில் புகுந்து உள்ளே போகிறேன். பின்பக்கம் கடற்காயல். ஆம்புலன்ஸ் படகுகள் அங்கேதான் வந்து நிற்கும். இவரையும் அப்படித்தான் கொண்டுவந்தோம்.

ஜன்னலுக்கு நேர் எதிரே செங்கல் சுவரும் சைப்ரஸ் மரங்களுமாக ஒரு தீவு. திரையை இழுத்துவிடலாமா என்று எழுந்தேன். "சான் மிக்கேலே. கல்லறைத் தீவு. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி அங்கதான் இருக்கார். திரையை விடு" என்றார். விட்டேன்.

நவம்பர் 15

கடலில் தடுப்புகளை எழுப்பியிருக்கிறார்களாம். காயலின் மூன்று வாய்களிலுமாக 78 மஞ்சள் கதவுகள், 2020இலிருந்து. 110 செ.மீ. வரும் என்று தெரிந்தால் எழுப்புவார்கள். அதற்குக் கீழே வருவது ஊருக்குள் வரத்தான் செய்யும். சான் மார்க்கோ சதுக்கம்தான் எல்லாவற்றையும் விடத் தாழ்வு, சீக்கிரம் நனைந்துவிடும். நாளைக்கு எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். தினமும் அதைப் பார்க்கிறேன். எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை, ஆனாலும் பார்க்கிறேன்.

37.8. 37.8!

நவம்பர் 16

ஊசி வைத்துச் சதை எடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை சொல்வார்களாம்.

நவம்பர் 17

பக்காலா மான்டெகாட்டோ. நோட்டில் இதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கிறார். நார்வேயில் காற்றிலே காய்ந்து கட்டையான காட் மீனை ஊறவைத்து, வேகவைத்து, ஆலிவ் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் வெள்ளைக் களிம்பாகத் திரண்டு வரும். சுட்ட பொலெண்டா (மக்காச்சோளக் களி) துண்டு மேல் வைத்துத் தருகிறார்கள். மணம் லேசு, வாயில் வைத்ததும் கரைகிறது.

பியெத்ரோ குவெரினி கதையை இவர் சொல்லித்தான் கேட்டேன். 1431இல் கிரீட்டிலிருந்து கிளம்பிய வெனிஸ் கப்பல்காரர். புயலில் சிக்கி நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஒதுங்கினார். அங்குள்ள மீனவர்கள் உயிரைக் காப்பாற்றி வைத்துக்கொண்டார்கள். காய்ந்த மீனோடு ஊர் திரும்பினார். மூச்சு வாங்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் குறுக்கிடவில்லை. சூப் நாலு ஸ்பூன்.

நவம்பர் 18

புரானோ தீவுக்குப் போகலாம் என்று படகுத்துறை வரை போனேன். முக்கால் மணி நேரப் பயணம். திரும்பிவிட்டேன்.

நவம்பர் 20

37.4. அறிக்கை வரட்டும் என்கிறார்கள். வரட்டும், வரட்டும்.

நவம்பர் 21

சாலூத்தே திருநாள். நோட்டில் இது இல்லை. நாங்கள் இதற்குள் ஊர் திரும்பியிருக்க வேண்டியது.

1630இல் கொள்ளைநோய். ஊரில் மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நோய் போனால் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று அரசே நேர்ந்துகொண்டது. அதுதான் சாலூத்தே கோயில். கட்டியவர் கட்டடக்கலைஞர் லொங்கேனா. சேற்றில் பத்து லட்சத்துக்கும் மேல் மரக்கம்பம் அடித்து அதன்மேல் எழுப்பினார்கள் என்பார்கள். 1687இல் திறந்தபோது லொங்கேனா உயிரோடு இல்லை. நேர்ந்துகொண்ட ஆட்சித்தலைவர் கொந்தாரினி மறுவருடமே போய்விட்டார். நேர்த்திக்கடன் வைத்தவர்களுக்கு அது பலிக்கவில்லையே என்று நடக்க நடக்க இதுவேதான் மனதில். இவரிடம் சொல்லவில்லை.

இந்த நாட்களுக்காகப் பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். கூட்டம். சக்கர நாற்காலியில் பாட்டிகள், தோளில் குழந்தைகள், எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி. நானும் வாங்கினேன். உள்ளே நாமே ஏற்ற முடியாது, அங்கிருப்பவரிடம் நீட்டினால் அவர் ஏற்றி வைக்கிறார். இடம் போதாததால் கொஞ்ச நேரத்திலேயே அணைத்து எடுத்துவிடுகிறார்கள். என்னுடையதை எப்போது எடுக்கிறார்கள் என்று நின்று பார்த்தேன். பிறகு இன்னொன்று வாங்கிவந்து கொடுத்தேன். அது எரிந்துகொண்டிருக்கும்போதே வெளியே வந்துவிட்டேன்.

மதியம் கஸ்ட்ராதினா. உப்பிட்டு, புகைபோட்டு, காயவைத்த ஆட்டுத்தொடையை முட்டைக்கோஸோடு நெடுநேரம் கொதிக்கவிட்ட சூப். நோய்க்காலத்தில் யாரும் இந்த ஊரை அண்டாதபோது டால்மேஷியாக்காரர்கள் அந்த இறைச்சியைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறார்கள். புகைவாடை பலமாக இருந்தது, ஆனாலும் முழுக்கக் குடித்தேன்.

மாலையில் எல்லாம் சொன்னேன். "அடுத்த தடவை நவம்பர்லயே வரலாம்" என்றார். 37.2.

நவம்பர் 22

பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்க்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். தண்ணீர் மட்டம் இன்று பயமில்லை, நடந்தே போய்விடலாம். நோட்டில் இன்னும் மீதி இருக்கிறது, ஈரல் வெங்காய வறுவல், பீகோலி