பாட்டி படத்தின் மேல்பக்கம் மஞ்சளடித்தது ஏன்? மானிட்டரை அளந்து பார்த்த மூன்று வாரம்

பாட்டியின் பழைய ஸ்டுடியோ படம் ஒன்றை ஸ்கேன் செய்து சரிசெய்துகொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் கன்னத்திலும் புடவைக் கரையிலும் தூரிகையால் வண்ணம் தொட்டுக் கொடுத்திருக்கிறார். அது போய்விடக் கூடாது என்று கலர் கோப்பாகவே வைத்து வேலை செய்தேன். பின்னால் தொங்கும் சாம்பல் திரைச்சீலையில் மேல்பாதி மட்டும் லேசாக மஞ்சளடித்தது. தாள் பழுத்திருக்கும் என்று நினைத்து, மேல்பக்கத்தில் கொஞ்சம் நீலம் ஏற்றினேன், கொஞ்சம் வெளிச்சமும் கூட்டினேன். திரையில் எல்லாம் ஒரே சாம்பலாக வந்தது. பிரிண்ட் போட்டு வாங்கிப் பார்த்தால், பாட்டியின் தலைக்கு மேல் வெளிறிய நீலம்.

பிரிண்டில் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் சரியாக இருந்ததால் பிரிண்ட் மீது சந்தேகம் வரவில்லை. கை வைக்காத ஸ்கேனை மறுபடி திறந்து தலைகீழாகத் திருப்பினேன். மஞ்சள் பாட்டியின் தலையோடு கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை. அதே இடத்தில், திரையின் மேல்பக்கத்திலேயே நின்றது, இப்போது பாட்டியின் மடிக்கு நேராக. பழுத்திருந்தது தாள் அல்ல, என் 27 அங்குல ஐபிஎஸ் (எல்சிடி திரையில் ஒரு வகை) மானிட்டர்தான் மேலே மஞ்சளாகக் காட்டுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு வருடமாக இதே திரையில் வேலை பார்க்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. ஏன் படவில்லை என்ற கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது.

முதலில் கேமராவால் பிடித்துப் பார்த்தேன். திரை முழுக்க 128 மதிப்புள்ள (0 கறுப்பு, 255 வெள்ளை) சாம்பல், அறையில் விளக்கு அணைத்து, டிரைபாடில் கேமரா, ஒயிட் பேலன்ஸ் நிலையாக, ஷட்டர் அரை நொடி. வேகமான ஷட்டரில் எடுத்தால் திரை புதுப்பிக்கும் வரிகளும், பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டின் துடிப்பும் பட்டை பட்டையாக விழும். ஃபோகஸைக் கொஞ்சம் விலக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் பிக்சல் கட்டமும் சென்சார் கட்டமும் மோதி அலையலையாகக் கோலம் போடும். கேமரா திருத்தாமல் தரும் ரா கோப்பில் பார்த்தபோது இடது மேல் மூலை நடுவைவிட 34 சதவீதம் இருட்டு. பயந்துபோனேன். அப்புறம் யோசித்தேன்: லென்ஸே ஓரங்களில் வெளிச்சத்தைக் குறைக்கும், மூலையைச் சாய்வாகப் பார்ப்பதாலும் குறையும். கேமராவை நகர்த்தி, மூலைக்கு நேர் எதிரே வைத்து, மூலை படத்தின் நடுவில் விழும்படி எடுத்தேன். வித்தியாசம் 17 சதவீதமாக இறங்கியது. பாதிக் குற்றம் கேமராவுடையது.

இந்த நேர்ப் படங்களிலிருந்து திரையின் மேல்விளிம்புத் துண்டு ஒன்றையும் கீழ்விளிம்புத் துண்டு ஒன்றையும் வெட்டி, நடுவே இடைவெளி இல்லாமல் ஒட்டினேன். ஒட்டிய படத்தைத் திரையின் நடுவில் சின்னதாக வைத்துப் பார்த்தேன். மேல் துண்டு பழைய வேட்டி மாதிரி, கீழ்த் துண்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி, நடுவில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. இவ்வளவு வித்தியாசமும் என் கண் முன்னாலேயேதான் இருந்திருக்கிறது. திரையின் முழு உயரத்துக்கும் மெல்ல மெல்லப் பரவி மாறியதால் கண் அதை விட்டுவிட்டது. நம் கண் திடீர் விளிம்பைப் பிடிப்பதில் கெட்டி, மெதுவான சரிவைப் பிடிப்பதில் மந்தம். இதற்கு நேர்மாறாக, வலது கீழே கட்டைவிரல் அளவு மங்கல் ஒன்று உண்டு. சுற்றியுள்ள இடத்தைவிட ஏறத்தாழ 3 சதவீதம்தான் குறைவு. ஆனால் சாம்பல் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் பக்கம் ஓட, அது மட்டும் அழுக்குபோல அங்கேயே நிற்கும். வாங்கிய மறுநாளிலிருந்து அது என்னை உறுத்துகிறது. 17 சதவீதம் தெரியவில்லை, 3 சதவீதம் உறுத்துகிறது!

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? கடைகளில் அக்ரிலிக் தகட்டில் எழுத்துச் செதுக்கி, அடியில் எல்இடி பட்டை வைத்து ஒளிர விடும் பெயர்ப்பலகையை எல்லாரும் பார்த்திருப்போம். வெளிச்சம் தகட்டுக்குள்ளேயே பட்டுப் பட்டுத் திரும்பி ஓடுகிறது, கீறல் உள்ள இடத்தில் மட்டும் வெளியே கசிகிறது. என் மானிட்டரின் பேக்லைட்டும் அதே வேலைதான். கீழ் விளிம்பில் எல்இடி வரிசை, பின்னால் அக்ரிலிக் தகடு, எழுத்துக்குப் பதில் நுண்ணிய புள்ளிகள். எல்இடிக்கு அருகில் புள்ளிகள் விலகி விலகி இருக்கும், தூரம் போகப் போக நெருக்கமாகும், எல்லா இடத்திலும் ஒரே அளவு கசிய வேண்டும் என்பதற்காக. அதன்மேல் வெளிச்சத்தைப் பரப்பிவிடும் டிஃப்யூசர் தாள்கள். இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் ஓரம் மங்கும். வெள்ளை எல்இடி என்பதே நீல எல்இடியின்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசியதுதான். தகட்டுக்குள் நெடுந்தூரம் ஓடும்போது நீலம் கொஞ்சம் அதிகமாகத் தேய்கிறது. எல்இடியிலிருந்து தொலைவில் இருக்கும் மேல்பக்கம் அதனால் மஞ்சளாகிறது. எல்லா மானிட்டரிலும் பட்டை கீழேதான் இருக்கும் என்றில்லை.

இரண்டாம் வாரம், கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் தம்பி ஒருவரிடம், திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலரிமீட்டர் இரவல் வாங்கினேன். டிஸ்ப்ளேகால் மென்பொருளில் 5க்கு 5 கட்டம், மொத்தம் 25 இடம். திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் கருவி ஒட்டி உட்காரும், வெளி வெளிச்சம் புகாது. மானிட்டரைப் போட்டவுடன் அளந்தபோது நடுவில் 131 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு), அரைமணி கழித்து 120. சூடாக ஆக எல்இடியின் வெளிச்சம் குறைகிறது. முதல் 9 இடங்களின் அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

நடு 120 நிட், 6500 கெல்வின் (இந்த எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்). கீழ் நடு 117, 6700. இடது மேல் 101, 6150. அதாவது மூலையில் 16 சதவீதம் குறைவு. கேமராவை நேராக வைத்து எடுத்ததோடு ஏறக்குறைய ஒத்துப்போனதில் பெரிய மகிழ்ச்சி.

கருவியால் அளந்து நிறத்தைத் திருத்தும் கேலிபிரேஷன் செய்தால் தீராதா என்றால், தீராது. நானும் செய்து பார்த்தேன். அதில் கிடைக்கும் ஐசிசி புரொஃபைல் என்ற நிறக் கோப்பு திரை முழுவதற்கும் ஒரே திருத்தம்தான் போடும். நடு நேராகும், மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். இடத்துக்கு இடம் திருத்துவது மானிட்டருக்குள்ளேயே நடக்க வேண்டும். தம்பியின் மானிட்டரில் அந்த வசதி உண்டு. போட்டதும் மூலைகள் நடுவோடு சேர்ந்துகொண்டன, ஆனால் அதிகபட்ச வெளிச்சம் 330 நிட்டிலிருந்து 250க்கு இறங்கியது. மங்கிய மூலையைத் தூக்க வழியில்லை, பளிச்சென்ற நடுவைத்தான் மூலை அளவுக்கு இறக்க முடியும். கறுப்போ முன்பு இருந்த அளவிலேயே கசிகிறது. அதனால் வெள்ளை கறுப்பைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் கான்ட்ராஸ்ட்டும் 950லிருந்து 720 ஆனது. பிரிண்ட் வேலைக்கு இந்த இழப்பு ஒன்றுமே இல்லை என்பது என் கருத்து. 120 நிட்டுக்கு மேல் நான் வைப்பதே இல்லை.

“பெரிய திரைன்னு ஆசையா வாங்குறோம், கலர் பார்க்கிறது என்னவோ நடுவுலதான் அண்ணே” என்றார் தம்பி.

கறுப்புத் திரையையும் பார்த்தேன். வலது கீழ் மூலையில் வெளிர்ப் புகை. ஒன்றரை மீட்டர் பின்னால் போய்ப் பார்த்தால் காணாமல் போகிறது. அது ஐபிஎஸ்ஸுக்கே உரிய கோண ஒளிர்வு, பழுது அல்ல. இடது கீழே கீற்றாக ஒன்று, எங்கிருந்து பார்த்தாலும் அசையவில்லை. அது ஃப்ரேம் அழுத்தத்தில் கசியும் பேக்லைட். மொபைலில் படம் எடுத்தால் இரண்டும் தீப்பிடித்ததுபோல் தெரியும், ஆட்டோ எக்ஸ்போஷர் இருட்டை இழுத்துத் தூக்கிவிடும். அந்தப் படத்தை வைத்து மானிட்டரை எடைபோடக் கூடாது.

இப்போது என் மேஜையில் வேலை முறை மாறிவிட்டது. அரைமணி சூடாக்குகிறேன். 25 இடங்களில் நடுவில் உள்ள 9 இடங்களும் 5 சதவீதத்துக்குள் நிற்கின்றன. அந்தச் சதுரத்துக்குள் மட்டுமே படத்தை வைத்து, பகுதி பகுதியாக நகர்த்தி நிறம் முடிவுசெய்கிறேன். சாம்பல் திரைச்சீலையில், நிறத்தின் எண்ணைக் காட்டும் ஐட்ராப்பரை வைத்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே எண்ணாக வருகிறதா என்று பார்க்கிறேன். அந்த எண்ணுக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் கிடையாது. பாட்டி படத்தில் நான் ஏற்றிய நீலத்தை நீக்கிவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல், கன்னத்தில் ஸ்டுடியோக்காரர் தொட்ட ரோஜா நிறம் மட்டும் தனியாகத் தெரிகிறது. இதே தவறோடு முன்பு முடித்த படங்கள் 11 இருக்கின்றன. நேற்றிரவு வரை 4 சரிசெய்திருக்கிறேன்.