தேங்காப்பட்டணம் போனேன், டியாகோ கார்சியா கதையோடு திரும்பினேன்

நேற்று ராத்திரிதான் மதுரைக்கு வந்து சேர்ந்தேன். துணி இன்னும் துவைக்கவில்லை, பையில் கருவாட்டு வாசம் அப்படியே இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் நினைத்திருக்கிறேன், பார்க்கலாம்.

சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை எல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் போனது குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்கு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லை வரை ஒட்டி ஒட்டி நிற்கும் ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இவர்களை அடிக்க நாட்டில் ஆள் இல்லை. 2017 ஒக்கிப் புயலில் அதிகம் இழந்ததும் இவர்கள்தான்.

நாகர்கோவில் வரை ரயில், அங்கிருந்து மார்த்தாண்டம் வரை பஸ், இதில் சொல்ல எதுவும் இல்லை. மார்த்தாண்டத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்கு 700 ரூபாய் கேட்டார். பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான், 700 ரூபாயா என்றேன். ரோடு சரியில்லை, திரும்பி வர சவாரி கிடைக்காது, மழை வரும் என்று மூன்று காரணம் சொன்னார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. என் மொத்தப் பயண பட்ஜெட்டே 3,500 ரூபாய், அதில் ஐந்தில் ஒரு பங்கை ஒரே ஆட்டோவுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ் 40 நிமிடம் கழித்து வந்தது. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, சீட்டில் ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டு முழு வழியும் தொடையைக் குத்தியது. ஆனாலும் டிக்கெட் காசு சில்லறையிலேயே முடிந்துவிட்டது, அதனால் மன்னித்துவிட்டேன்.

அந்த பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் இந்தக் கட்டுரையையே வேறு பக்கம் திருப்பினார். "எங்கேருந்து வாறிய?" என்று ஆரம்பித்தார். மதுரை என்றேன். புதுக்கடை வந்ததும் வெளியே கையைக் காட்டி, "இங்கதான் தம்பி வெடி வச்சாங்க, எங்கப்பா ஓடித் தப்பிச்ச ஆளு" என்றார். வெடி என்று அவர் சொன்னது துப்பாக்கிச் சூட்டை. 1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. நேசமணி முன்னின்று நடத்திய போராட்டம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்தன. பள்ளியில் ஒரு வரியாகப் படித்தது, குத்துகிற சீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. எல்லைக் கோடு போடும்போது இந்த ஊர் ஜனம் தெருவில் இறங்கி "எங்களைக் கேளு" என்று கத்தியிருக்கிறது, கேட்க வைத்தும் இருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்று அப்போது எனக்கும் தெரியாது. சாப்பாட்டுக்கு வருகிறேன்.

துறைமுகத்துக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடை, போர்டு கூட இல்லை. கேரை மீன் குழம்பு, மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தேங்காய் போட்டு மசித்தது, ஒரு துண்டு வறுத்த மீன், எல்லாம் சேர்த்து 130 ரூபாய். குழம்பு கெட்டியாக, செக்கச்செவேலென்று, குடம்புளி போட்டு, மேலே தேங்காயெண்ணெய் மிதந்துகொண்டு வந்தது. அக்கா கேட்காமலேயே இரண்டாவது முறை ஊற்றினார். மதுரையில் நான் சாப்பிடும் எந்த மீன் குழம்பும் இதன் பக்கத்தில் நிற்காது, சத்தியமாகச் சொல்கிறேன், மதுரைக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தூத்தூர்க்காரர், விசைப்படகில் முப்பது வருஷம். ஒருமுறை போனால் முப்பது, நாற்பது நாள் கடலில்தான். எவ்வளவு தூரம் போவீர்கள் என்று சும்மா கேட்டேன். லட்சத்தீவு, மாலத்தீவு தாண்டி என்றவர், அப்புறம் குரலை இறக்கி, "டீகோகார்சியா பக்கம் வரைக்கும்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. டியாகோ கார்சியா! அமெரிக்க ராணுவத் தளம் என்று செய்தியில் மட்டும் கேட்ட பெயர் இவர் வாயில் பக்கத்து ஊர் மாதிரி வருகிறது. கன்னியாகுமரியிலிருந்து சுமார் 1,800 கி.மீ. தெற்கே இருக்கிற தீவு அது.

சாப்பிட்டுவிட்டுப் படகுக்குக் கூட்டிப்போனார். டீசல் நாற்றம், ஐஸ் பெட்டி, சுருட்டி வைத்த ஆயிரங்கால் தூண்டில், அதாவது வரிசையாகக் கொக்கி கட்டிய நீளக் கயிறு. சின்ன அறைக்குள் ஜிபிஎஸ் பெட்டி, அதன் மூலையில் உப்பு பூத்திருந்தது. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கிக் காட்டினார். திரையில் பொடிப்பொடியாகக் குறிகள், ஒவ்வொன்றும் மீன் பட்ட இடம். கீழே வளைந்து ஒரு கோடு. "இதைத் தாண்டினா பிடிப்பான். நாங்க இந்தப் பக்கம்தான் தூண்டில் போடுவோம், ஆனா கிலோமீட்டர் கணக்குல நீளம்லா, ராத்திரி நீரோட்டம் இழுத்து அந்தப் பக்கம் கொண்டு விட்டிரும். தூண்டில விட்டுட்டு வர முடியுமா? எடுக்கப் போனா மாட்டிக்கிடுவோம்." இந்தப் பக்கத்துப் படகுகளை பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல் பிடித்து அபராதம் போட்ட சம்பவங்கள் பலமுறை செய்தியில் வந்திருக்கின்றன. ஒரு பயணத்துக்கு டீசலுக்கும் ஐஸுக்கும் லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போகிறவர்களுக்கு அது என்ன அடி என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. "தம்பி, அது யாரு தீவுதான்? இங்கிலாந்துக்காரன் பிடிக்கான், அமெரிக்காக்காரன் இருக்கான், மொரீஷியஸ் எங்களுதுங்கான். எல்லாரும் கூட்டாளிதானே?"

என்னிடம் பதில் இல்லை. மார்த்தாண்டம் லாட்ஜுக்குத் திரும்பி (அறை 900 ரூபாய், ஃபேன் போடும் சத்தத்தில் தூங்கவே முடியாது, போகாதீர்கள்) ராத்திரி இரண்டு மணி வரை போனில் தோண்டித் தோண்டிப் படித்தேன். படிக்கப் படிக்கக் கோபம் வந்தது.

சாகோஸ் தீவுக்கூட்டம், அறுபதுக்கு மேற்பட்ட குட்டித் தீவுகள், அதில் பெரியது டியாகோ கார்சியா. மொரீஷியஸோடு சேர்த்து ஆளப்பட்டு வந்ததை, அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கொடுக்கும் முன்பே, 1965-ல் பிரிட்டன் தனியாக வெட்டி எடுத்தது, 30 லட்சம் பவுண்டு கொடுத்து. மொரீஷியஸ் சுதந்திரம் அடைந்தது 1968-ல். இதற்கிடையில் 1966-லேயே அமெரிக்காவுக்குத் தளம் அமைக்க ஒப்பந்தம். பதிலுக்கு போலாரிஸ் ஏவுகணை விலையில் பிரிட்டனுக்கு 1.4 கோடி டாலர் தள்ளுபடி. கூட்டாளிகள் நமக்குள் முடித்துக்கொள்வோம் என்று முடித்துக்கொண்டார்கள்.

தீவில் ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக, கொப்பரை காயவைத்து எண்ணெய் எடுத்துப் பிழைத்தவர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம், கூடவே இந்தியாவிலிருந்து போன கூலிகளின் வம்சமும். அன்று காலைதான் புதுக்கடை வழியில் ஒரு வீட்டு முற்றத்தில் பிளந்த தேங்காய் வெயிலில் காய்வதைப் பார்த்திருந்தேன், படிக்கும்போது அந்த முற்றம்தான் கண்ணில் வந்தது. 1968 முதல் 1973-க்குள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மொத்தமாக வெளியேற்றி மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைப் பிடித்துக் கொன்றிருக்கிறார்கள். இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

2010-ல் அந்தத் தீவுகளைச் சுற்றி சுமார் 6.4 லட்சம் சதுர கி.மீ. கடலை மீன்பிடிக்கக் கூடாத பாதுகாப்புப் பகுதி என்று பிரிட்டன் அறிவித்தது. தூத்தூர் அண்ணனின் ஜிபிஎஸ்ஸில் வளைந்து கிடக்கும் கோடு இதுதான். 2015-ல் சர்வதேச நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2019-ல் சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 1 என்ற கணக்கில், பிரிட்டன் கூடிய சீக்கிரம் அங்கிருந்து நிர்வாகத்தை எடுக்க வேண்டும் என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. மறுத்த ஒரே நீதிபதி அமெரிக்கர். ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம், இந்தியாவும் அதில் உண்டு. கடைசியில் 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அதன்படி தீவுகள் மொரீஷியஸுக்கு, டியாகோ கார்சியா மட்டும் 99 வருஷக் குத்தகையாக பிரிட்டன் கையில், வருஷத்துக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு. அன்று காலை அந்தக் கையெழுத்தைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தது டியாகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள் போட்ட வழக்கு. எங்களைக் கேட்காமல் எப்படி என்பதுதான் அவர்கள் வழக்கு. மதியத்துக்குள் தடை விலகிவிட்டது.

புதுக்கடையில் சுட்டார்கள், ஆனால் கடைசியில் கேட்டார்கள். சாகோஸ்காரர்களை யாரும் கேட்கவே இல்லை. எதிரிகளுக்குள் சண்டை என்றால் உலகமே எட்டிப் பார்க்கும், இது கூட்டாளிகளுக்குள் நடப்பதால் கடிதம், பேச்சுவார்த்தை, குத்தகை என்று மரியாதையாகவே அறுபது வருஷம் ஓடியிருக்கிறது. நம் பக்கத்திலும் 1976 மார்ச்சில் குமரிக்குத் தெற்கே இருக்கிற வாட்ஜ் பேங்க் மீன்பிடித் தளத்தை இந்தியாவும் இலங்கையும் பேசி முடித்தார்கள், தளம் இந்தியாவுக்கு, இலங்கைப் படகுகள் ஆறு மட்டும் மூன்று வருஷம் வந்து பிடித்துக்கொள்ளலாம், அத்தோடு சரி. பேசினால் முடியும் என்பதற்கு இதுவும் அத்தாட்சி.

இன்னொன்றும் படித்தேன். 2021 அக்டோபரில் படகு பழுதாகி டியாகோ கார்சியாவில் கரையேறிய இலங்கைத் தமிழர்கள் சுமார் 90 பேர். அவர்களில் பலர், குழந்தைகளோடு, அந்தத் தளத்துக்குள் கூடாரங்களில் மூன்று வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில்தான் அங்கே மிஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். தீவுக்காரர்கள் திரும்பிப் போக முடியாத தீவில் தமிழ்க் குழந்தைகள் வளர்ந்திருக்கிறார்கள். அன்று ராத்திரி இதற்கு மேல் படிக்க முடியவில்லை.

மறுநாள் காலை மறுபடி துறைமுகத்துக்குப் போனேன், பஸ்ஸில்தான். அண்ணன் வலை ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். படித்ததெல்லாம் சொன்னேன். நாய்கள் விஷயம் வந்தபோது டீயைக் கீழே வைத்துவிட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ மொரீஷியஸ் கொடி ஏறினா எங்கள விடுவானா?" என்றார். அவர்களும் அந்தக் கடலைப் பாதுகாப்புப் பகுதியாகத்தான் வைத்திருக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வியாழக்கிழமை கிளம்புகிறோம், ஐஸ் ஏற்ற வேண்டும் என்று எழுந்துபோனார்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள் என்று தெரியும். மொத்தம் 3,180 ரூபாய், இதில் 340 ரூபாய் கருவாட்டுக்கு. மார்த்தாண்டத்திலிருந்து பஸ்ஸையே பிடியுங்கள். தகரக் கூரைக் கடையில் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், கேரைக் குழம்பு அதற்கு மேல் நிற்காது.