தரவுத்தளச் செயன்முறைப் பரீட்சை: எந்தக் கருவியில் பழகலாம்?

போன கிழமை செங்கலடியிலிருந்து சித்தியின் மகள் கோல் எடுத்தாள். "அக்கா, டிப்ளோமாவுக்குச் சேர்ந்திட்டன். எஸ்கியூஎல் பழக எந்த சொப்ட்வெயார் நல்லம்?" எஸ்கியூஎல் என்பது தரவுத்தளத்தோடு பேசும் மொழி. ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் எனக்கும் அப்படி ஒரு பெயரைத்தான் சொன்னார்கள், அதனால் ஒரு பரீட்சையில் நிறையப் புள்ளிகள் போயின. அதனால் ஆற அமர எழுதுகிறேன்.

நான் படித்தது 2022இல். சனி, ஞாயிறில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு பஸ். மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்து, மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்துப் பழக வேண்டும். லெப்டொப்பில் 4 ஜிபி ரம், பட்டரி ஒன்றரை மணித்தியாலம் நின்றால் பெரிய விசயம். கூடப் படித்தவர்கள் எல்லாரும் சாம்ப் (XAMPP) என்ற, தரவுத்தள சேர்வரும் கூடவே வரும் மென்பொருள் தொகுப்பைப் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். பிரவுசரில் அதோடு வரும் பிஎச்பிமைஅட்மின் பக்கத்தைத் திறந்தால் அட்டவணை உருவாக்க, தரவு போட, எல்லாவற்றுக்கும் பொத்தான் இருக்கும். மூன்று மாதம் அதிலேயே பழகினேன்.

எங்கள் ஊர் வாசிகசாலையை மனதில் வைத்து ஒரு சின்னத் தரவுத்தளம் செய்திருந்தேன்: உறுப்பினர், புத்தகம், இரவல் என்று மூன்று அட்டவணை. யார் யார் எத்தனை புத்தகம் எடுத்தார்கள் என்று பார்க்க ஒரு வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எழுதினேன். என்னென்ன வேண்டும் என்று சொல்லும் செலக்டில் உறுப்பினர் பெயர், புத்தகத் தலைப்பு, எண்ணிக்கை தரும் கவுன்ட் மூன்றையும் கேட்டு, எதன்படி குழுவாக்குவது என்று சொல்லும் குரூப் பையில் உறுப்பினர் பெயரை மட்டும் கொடுத்தேன். விடை அழகாக வந்தது. ஒருவர் 7 புத்தகம் எடுத்திருந்தார், பக்கத்தில் ஒரேயொரு தலைப்பு. ஏழு புத்தகத்துக்கு எப்படி ஒரு தலைப்பு என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. சிவப்பு எழுத்து வரவில்லையே, அப்போ சரிதான் என்று நினைத்தேன்.

பரீட்சை மண்டபத்தில் இருந்தது மைஎஸ்கியூஎல் 8 என்ற தரவுத்தள சேர்வர், அதோடு அதற்கான வேர்க்பெஞ்ச் என்ற கருவி. அதே மாதிரியான கேள்வி, அதே மாதிரியே எழுதினேன். பிழை 1055. திரும்ப எழுதினேன், திரும்பவும் 1055. வினவல் சரி, கணினியில்தான் ஏதோ கோளாறு என்று இருபது நிமிடத்தை அதிலேயே விட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் விளங்கியது. சாம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடுவது மரியாடிபி. 2009இல் மைஎஸ்கியூஎல்லில் இருந்து பிரிந்து வளர்ந்த தரவுத்தளம் அது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் நடக்கும். ஆனால் குரூப் பையில் இல்லாத நிரலை (கொலம்) சும்மா செலக்டில் கேட்டால், மைஎஸ்கியூஎல் 5.7இலிருந்து இயல்பாகவே பிழை 1055 தந்து மறுத்துவிடும். மரியாடிபி இயல்பு நிலையில் மறுக்காது, அந்தக் குழுவில் ஏதோ ஒரு வரிசையின் மதிப்பை எடுத்துத் தந்துவிடும். அந்த ஒற்றைத் தலைப்பு அப்படித்தான் வந்திருக்கிறது. நான் மூன்று மாதம் பிழையாகவே பழகியிருக்கிறேன், யாரும் பிழை என்று சொல்லவில்லை.

அதனால் தங்கச்சி, கருவியைத் தேடுவதற்கு முதல் உன் பரீட்சைக்கு எந்தத் தரவுத்தளம், எந்தப் பதிப்பு என்று விரிவுரையாளரிடம் கேள். வீட்டில் 'செலக்ட் வேர்ஷன்()' (SELECT VERSION();) ஓட்டிப் பார். மரியாடிபி என்றால் விடையிலேயே அந்தப் பெயர் வரும். சாம்பை விட முடியாவிட்டால் அதன் அமைப்புகள் இருக்கும் மை.ஐஎன்ஐ (my.ini) கோப்பில் எஸ்கியூஎல்_மோட் (sql_mode) வரியைத் தேடி, இருப்பதை அழிக்காமல், 'ஒன்லி_ஃபுல்_குரூப்_பை' (ONLY_FULL_GROUP_BY) என்பதையும் சேர்த்துவிட்டு சேர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கு. அப்புறம் அது உன் பிழையைப் பிழை என்று சொல்லும்.

இனி வினவல் எழுதி ஓட்டும் கருவிகள். 4 ஜிபி ரம் உள்ள விண்டோஸ் லெப்டொப்புக்கு நான் சொல்வது ஹைடிஎஸ்கியூஎல். மிகச் சின்னது, சட்டென்று திறக்கும், நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டக்கூடிய வடிவமும் உண்டு. ஒரு கவனம்: அதில் எப்9 அழுத்தினால் அந்தத் தாவலில் எழுதியிருக்கும் எல்லாமே ஓடும். மேலே பழைய டிலீட் வரி கிடக்கிறதை மறந்து நான் ஒருநாள் அழுத்த, இரவல் அட்டவணை முழுதும் காலியாகிவிட்டது. ஓட்ட வேண்டியதை மட்டும் தெரிவுசெய்து கொன்ட்ரோல், எப்9 அழுத்திப் பழகு.

டீபீவர் எனக்கு இப்போது வேலையிடத்தில் தினமும் கைகொடுக்கிறது. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் எல்லாவற்றுக்கும் ஒரே திரை, கொமியூனிட்டி பதிப்பு இலவசம். ஆனால் ஜாவாவில் ஓடுவது, பழைய கணினியில் திறக்கவே நேரம் எடுக்கும். புதுவகைத் தரவுத்தளத்தோடு முதல்முறை இணைக்கும்போது அதற்குரிய டிரைவரை இணையத்திலிருந்து இறக்கச் சொல்லும். எங்கள் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான், பாதியில் நின்றுவிட்டது. டவுனுக்கு வரும்போதே ஒருமுறை இணைத்துப் பார்த்துக்கொள், பிறகு இணையம் இல்லாமலும் வேலை செய்யலாம்.

மண்டபத்தில் வேர்க்பெஞ்ச் என்றால் கடைசி இரண்டு கிழமையாவது அதில் பழகத்தான் வேண்டும். அதில் பாதுகாப்பு முறை இயல்பாகவே போட்டிருக்கும். எந்த வரிசை என்று சொல்லும் வெயரில் சாவி நிரல் இல்லாமல் அப்டேட் எழுதினால் பிழை 1175 தந்து நிறுத்திவிடும். அது தெரியாதவர்கள் பதறிப்போவார்கள்.

கல்முனையில் படித்த என் சிநேகிதிக்கு வேறு மாதிரி. அவளுக்கு மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளமும் அதற்கான மனேஜ்மென்ட் ஸ்டூடியோ கருவியும். தமிழ்ப் பெயர் போட்டால் எல்லாம் கேள்விக்குறியாக வருகிறது என்று கருவியைக் கழற்றித் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள். குறை கருவியில் இல்லை. நிரலை என்வார்கார் (NVARCHAR) வகையாக வைத்து, மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கில 'என்' (N) எழுத்தையும் போட வேண்டும். போட்டதும் தமிழ் வந்தது.

இன்னொன்று. எழுத்துப் பரீட்சையில் நிரல் பெயரை யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். இரண்டாம் முறை பரீட்சைக்கு நான் படித்தது கொப்பியில். கரண்ட் இல்லாத நேரம் விளக்கு வெளிச்சத்தில் வினவலைக் கையால் எழுதுவேன், இந்த வினவலுக்கு எத்தனை வரிசை வரும் என்று பக்கத்தில் குறிப்பேன். கரண்ட் வந்ததும் மைஎஸ்கியூஎல்லின் கறுப்புத் திரையில் அப்படியே தட்டுவேன். அங்கே பொத்தானும் இல்லை, சொல் எடுத்துத் தருவதும் இல்லை. முதல் கிழமை பத்தில் ஆறு பிழைத்தது, கமா விட்டதும், அட்டவணைகளை இணைக்கும் ஜொயினில் ஓன் விட்டதும்தான் கூட. பரீட்சைக்கு முதல்நாள் பத்தில் ஒன்று பிழைத்தது. வாசிகசாலைக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன். அந்த 7 புத்தகக் கேள்வியிலிருந்தே தொடங்கு.