வலது கண் மூடிவிட்டது, அரை நொடி தாமதமாக

நேற்று மதியம் ரெண்டரை மணிக்கு அவளுடைய வலது கண் மூடியது. கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு, இன்னொரு தரம் படுக்க வைத்துப் பார்த்தேன். மூடியது. நிமிர்த்தினேன், திறந்தது. ஜாக்கெட் வாங்க வந்து காத்திருந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொன்னால் தனிக்கதை ஆகிவிடும். ஐந்து வாரமாக ஒரு பொம்மையின் ஒற்றைக் கண்ணோடு மல்லுக்கட்டியவளின் சந்தோஷம் அவருக்கு எங்கே புரியப்போகிறது?

கார்த்திகை தீபம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் கிடைத்தவள் இவள். காவேரிப்பட்டணத்தில் இருந்துகொண்டு பழைய பொம்மை சேர்ப்பவர்களுக்கு அந்தச் சந்தையை விட்டால் வேறு கதியில்லை. ஆடு மாடு, காய்கறி எல்லாம் தாண்டி ஓரமாகத் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் போடுவார்களே, அங்கே ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. மேலே இரும்புச் சங்கிலி, சைக்கிள் பெடல், உடைந்த மிக்ஸி ஜார். காலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முட்டிக்குக் கீழே மடிப்பு மடிப்பாகச் சதை வைத்த அந்தக் கால் இப்போது வருகிற பொம்மைகளில் கிடையாது.

இங்கே ஒரு விஷயம். பொம்மையை முதலில் தொடக்கூடாது. தொட்டால் விலை ஏறும். நான் பக்கத்தில் கிடந்த அலுமினியத் தூக்குவாளியை எடுத்து, தட்டிப் பார்த்து, 200 ரூபாய் என்றவரிடம் பத்து நிமிடம் பேரம் பேசி 150-க்குக் கொண்டு வந்தேன். பணத்தை எடுக்கும்போதுதான் அந்தக் காலைக் காட்டி, "அதையும் சேர்த்துப் போடுங்கண்ணா, வீட்டுல குழந்தை இருக்கு" என்றேன். "அது 300 ரூபா ஆகும்மா, அந்தக் காலத்து சாமான்" என்றார். கடைசியில் ரெண்டும் சேர்த்து 220. அதாவது பொம்மை 70 ரூபாய். வாளி ஒழுகுகிறது என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார். வாளி யாருக்கு வேண்டும்?

ரப்பர் தலை, உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் உடம்பு, பதினாறு அங்குலம். முடியை எந்தக் குழந்தையோ கத்தரிக்கோலால் ஒரு பக்கம் ஒட்ட நறுக்கியிருக்கிறது. நீலக் கண். நம் ஊரில் எந்தக் குழந்தைக்கு நீலக் கண் இருந்தது என்று தெரியவில்லை, ஆனால் நாங்கள் வைத்திருந்த பொம்மைகளுக்கெல்லாம் நீலக் கண்தான். நெற்றியில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு பொட்டு. தாடையில் சின்னக் குழி. அந்தக் குழிக்காகத்தான் அவளை விடவில்லை. 1984 ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனபோது அப்பா வாங்கிக்கொடுத்த ரோசிக்கும் அதே இடத்தில் குழி இருந்தது. ரோசி அத்தை மகளிடம் போய், அங்கிருந்து எங்கே போனாளோ. இவள் ரோசி இல்லை, அது எனக்கும் தெரியும்.

சரி, கண்ணுக்கு வருவோம்.

வீட்டுக்கு வந்து படுக்க வைத்தால் இடது கண் அழகாக மூடுகிறது. வலது கண் விட்டத்தைப் பார்த்தபடி முழித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்பதாவது படிக்கிற என் மகள், "அம்மா, இதை என் ரூம்ல வைக்காத" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். கன்னத்தில் தட்டினேன், குலுக்கினேன், தலைகீழாகப் பிடித்தேன். ஒன்றும் அசையவில்லை.

அப்போது செய்த முட்டாள்தனத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கைக்கு எட்டிய தூரத்தில் தேங்காயெண்ணெய் இருந்தது. இமை ஓரத்தில் ரெண்டு சொட்டு விட்டேன். சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. மறுநாள் மதியம் எதேச்சையாகப் படுக்க வைத்தேன், கண் மூடிவிட்டது! துள்ளிக் குதித்து மகள் பள்ளி விட்டு வரட்டும் என்று காத்திருந்து ராத்திரி காட்டினேன். மூடவில்லை. காலையில் மூடவில்லை. மதியம் மூடியது. இப்படியே நாலு நாள். பகலில் தூங்குகிறாள், ராத்திரி கொட்டக் கொட்ட முழித்திருக்கிறாள். வீட்டுக்காரர்கூட ஒரு நாள் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்த்தார்.

ஐந்தாம் நாள் காலை மகளுக்குத் தலை வாரும்போதுதான் மண்டையில் உறைத்தது. பாட்டிலில் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடந்தது. தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். மார்கழியில் நம் ஊர்க் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணுக்குள்ளும் அதே கதைதான். வெயில் ஏறினால் எண்ணெய் உருகி இமை இறங்கும், குளிர்ந்தால் மெழுகு போல் பிடித்துக்கொள்ளும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை என்று வீட்டில் அறிவித்தேன். தையல்காரி வீட்டில் மெஷின் எண்ணெய் இருக்கும்போது எவளாவது தேங்காயெண்ணெய் விடுவாளா? நான் விட்டேன்.

விட்டதை எடுக்க வேண்டுமே. அதற்குத் தலையைக் கழற்றியாக வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கழுத்து கிழியும், என்னிடம் ஏற்கெனவே கிழிந்த கழுத்து ஒன்று இருக்கிறது. வெந்நீரில் முக்கினால் தண்ணீர் கண்ணுக்குள் இறங்கி இருக்கிற துருவை இன்னும் வளர்க்கும். அதனால் துணியை வெந்நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கழுத்தில் சுற்றி, ஆற ஆற மாற்றி நாலு முறை. ரப்பர் இளகி, அல்வா மாதிரி வளைந்தது. ஒரு பக்கமாகத் திருப்பி நிமிண்டினால் தலை கையோடு வந்துவிட்டது.

போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தேன். ரெண்டு கண்ணுக்கும் பின்னால் வெள்ளைக் கிண்ணம் போல ஒரு கூடு, அதன் நடுவில் ஓட்டை. ஓட்டை வழியே பார்த்தால் கண்ணின் முதுகில் பொருத்திய எடைக்கட்டி தெரியும். இந்தக் கட்டிதான் சூத்திரம். கண் குறுக்கே ஒரு அச்சில் தொங்குகிறது. பொம்மையைச் சாய்த்தாலும் கட்டி எப்போதும் பூமியைப் பார்த்துத் தொங்கும், அதனால் கண் முகத்துக்குள் உருண்டு இமை முன்னால் வருகிறது. சாவியும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. இடது கண்ணில் கட்டி கறுப்பாக, சுத்தமாக இருந்தது. வலது கண்ணில் புளியங்கொட்டை நிறத்தில் துரு, துருவின் மேல் தேங்காயெண்ணெய், அதன் மேல் தூசி. நான் பார்க்கும்போதே வெட்கமாக இருந்தது.

காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, ஓட்டை வழியே விட்டு விட்டு எடுத்தேன். பதினாறு குச்சி. ஸ்பிரிட் முன்பக்கம் வழிந்தால் புருவமும் உதட்டுச் சாயமும் போய்விடும், அதனால் முகம் மேலே பார்த்தபடி தலையை ஒரு டம்ளரின் வாயில் உட்கார வைத்து, கழுத்துப் பக்கத்திலிருந்து வேலை செய்தேன். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள், ரப்பர் இளகி வழிந்துவிடும்.

எண்ணெய் போனது. கண் அசையவில்லை. துரு பிடித்த பிடி அப்படி.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நான் வழக்கமாக வாட்ச் கொடுக்கும் பாய் ஒருவர் இருக்கிறார். ஒரு பையில் வெறும் தலையை மட்டும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மேஜையில் வைத்ததும், "என்னம்மா, வாட்ச் எடுத்துட்டு வருவேன்னு பாத்தா தலையை எடுத்துட்டு வந்திருக்க" என்றார். ஆனால் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். "இதுல ஜாஸ்தி எண்ணெய் விட்டா கெட்டுது. அச்சு ரெண்டு முனையிலதான் உரசுது, அங்க மட்டும் விடணும். வாட்ச்சுக்கும் அப்படித்தான்" என்று சொல்லி, எண்ணெய் தொட்டு வைக்கிற பழைய ஊசி ஒன்றையும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. டீயும் ஒரு நிப்பட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஊசியின் நுனியில் மெஷின் எண்ணெய் தொட்டால் கடுகில் பாதி அளவுதான் நிற்கும். அதை அச்சின் இடது முனையில் ஒரு தரம், வலது முனையில் ஒரு தரம். ஒரு நாள் ஊறவிட்டேன். மறுநாள் தான் அந்த யோசனை வந்தது. கீழே சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கக் கடையில் ஒரு காந்தம் வைத்திருக்கிறேன். துரு பிடிக்கிறது என்றால் கட்டி இரும்பு, இரும்பு என்றால் காந்தம் இழுக்குமே! ஈயக்கட்டியாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது. கழுத்து ஓட்டை வழியே காந்தத்தை உள்ளே கொண்டுபோய் மெதுவாக மேலும் கீழும் ஆட்டினேன். முதல் நாள் ஒன்றுமில்லை. ரெண்டாம் நாள் 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு நூல் அளவு அசைந்தது. தினமும் ஐம்பது தரம், கடை திறந்ததும் சாமி கும்பிட்டுவிட்டு. ஒன்பதாம் நாள்தான் நேற்று.

முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். இடது கண் மூடி அரை நொடி கழித்துத்தான் வலது மூடுகிறது. பார்ப்பதற்குக் கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். இதற்கு மேல் நோண்டப்போவதில்லை.

நெற்றிப் பொட்டை எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லைத் தடவி வெயிலில் வைத்தால் பேனா மை மெல்ல மெல்லப் போகும், தெரிந்ததுதான். போன வருடம் இன்னொரு பொம்மையின் கன்னத்தில் 5 சதவீத ஜெல்லை வைத்து ஒரு வாரம் மறந்துவிட்டேன். மையும் போனது, கன்னத்து நிறமும் போனது, இப்போது அவளுக்குத் தேமல். அது போக, இந்தப் பொட்டை யாரோ ஒரு குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு வட்டமாக வைத்திருக்கிறது. இருக்கட்டும்.

கை கால் இன்னும் மாட்டவில்லை. உள்ளே இருந்த எலாஸ்டிக் தொட்டதும் தூளாகிவிட்டது. பாவாடைக்குப் போடும் பட்டை எலாஸ்டிக் சரிப்படாது, ஆறு மாதத்தில் தொங்கும். உருண்டையான கயிறு எலாஸ்டிக், 3 மில்லிமீட்டர், வேண்டும். தர்மபுரியில் நான் சாமான் வாங்கும் கடையில் வெள்ளையில் மட்டும் இருக்கிறதாம், உள்ளே போவதுதானே, வெள்ளை போதும். கொக்கிக்குத் தலைமுடி ஊசியை வளைத்துக்கொள்வேன். கவுனுக்குக் கத்தரிப்பூ நிற சாட்டின் துண்டு எடுத்து வைத்தாயிற்று.

இதற்கு நடுவில் ஓசூரிலிருந்து ஒருவர் போனில் படம் அனுப்பினார். பார்பி, "1966 ஒரிஜினல்", 4,500 ரூபாயாம். முதுகில் 1966 என்று அச்சாகியிருப்பது உண்மைதான். அது உடம்பு அச்சுக்குக் காப்பிரைட் போட்ட வருடம், பொம்மை செய்த வருடம் இல்லை. தொண்ணூறுகளில் வந்த பலவற்றின் முதுகிலும் அதே 1966 இருக்கும். சிலவற்றில் தலைக்குப் பின்னால் பார்த்தால் 1976 என்று வேறு இருக்கும். பார்பியே 1959-ல்தான் பிறந்தாள். இதைப் பொறுமையாக விளக்கினேன். "அப்ப 4,000 கொடுங்க" என்றார்.

செல்லுலாய்டு பொம்மை கிடைத்தவர்கள் மட்டும் ஜாக்கிரதை, அது சட்டென்று தீப்பிடிக்கிற அந்தக் காலத்து பிளாஸ்டிக். கட்டை விரலால் சூடு பறக்கத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும், அதோடு சோதனையை நிறுத்திக்கொள்ளுங்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் மகானுபாவர்கள் இருக்கிறார்கள். பழைய டேபிள் டென்னிஸ் பந்தும் அதே சரக்குதான், ஒன்றைக் கொளுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் ரப்பர் பொம்மையை பாலித்தீன் கவரில் கட்டி பரண்மேல் போடாதீர்கள், பிசுபிசுவென்று வியர்த்துவிடும். பழைய காட்டன் புடவையில் சுற்றுங்கள்.

சன்னபட்டணத்துப் பழைய மரச்சொப்பு ஒரு செட்டாவது சேர்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பெங்களூரு தாண்டிப் போக வேண்டும், அதைப் பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம். இப்போது போகி நேரம். வருடத்தில் நமக்கு அறுவடை இந்த ஒரு வாரம்தான். பரணைக் காலி செய்து, கண்ணை மூடிக்கொண்டு எடைக்குப் போடுவார்கள். பழைய பேப்பர் எடுக்கும் தம்பியிடம் பொம்மை வந்தால் எடுத்து வை, ஒன்றுக்கு 20 ரூபாய் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் எடைக்குப் போடுவதைவிட அவனுக்கு அது லாபம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் போன் பண்ணினான். ஒரு மூட்டை வந்திருக்கிறதாம். உடம்பு எல்லாம் உடைசல், தலை மட்டும் நாலு நன்றாக இருக்கிறதாம்.

"கண்ணு மூடுதா பாரு தம்பி" என்றேன்.

"நாலும் மூடிட்டுதான் இருக்குக்கா. தொறக்கத்தான் மாட்டேங்குது."

காலையில் ஆறு மணிக்கே போகணும்.